நாற்பத்தாறு பல்லும் முதல் ஓலையும்

பெலாச்சானை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மணக்கும். கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, இடித்து, கட்டியாக்கிக் காயவைக்கிற பொருள் அது. மலேசியாவில் எங்கள் கிள்ளானில் அது இல்லாமல் மிளகாய்ச் சம்பல் இல்லை, சம்பல் இல்லாமல் சாப்பாடு இல்லை. ஆறு சுற்று பிளாஸ்டிக் உறை போட்டு, தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் வாயைப் பழுப்பு டேப்பால் ஒட்டித்தான் விமானம் ஏறினேன். தூத்துக்குடியில் இறங்கும்போது பெட்டி என்னை முந்திக்கொண்டு மணத்தது.

பெலாச்சான் சம்பந்தி அம்மா கேட்டது. நான் கொண்டுபோன முக்கியமான சாமான் அதுவல்ல. சட்டைப் பைக்குள், நெஞ்சோடு ஒட்டி, ஒரு காக்கி உறை இருந்தது. என் மகள் ஸ்டெல்லாவின் ஞானஸ்நானச் சான்றிதழும், அவளுக்கு இதற்குமுன் திருமணம் ஆகவில்லை என்று எங்கள் பங்குச்சாமி முத்திரை வைத்துக் கொடுத்த கடிதமும் அதற்குள். முதலில் கூரியரில் அனுப்பியது எங்கேயோ காணாமல் போய்விட்டது. அதனால் நானே கிளம்பினேன்.

இந்தக் கரையில் கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறியக் கேட்பதுதான் ஓலை. மூன்றாம் ஓலை முடிந்து கல்யாணம். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், நாற்பது நாள் கல்யாணம் கிடையாது. அந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. உறை அந்தச் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குமுன் மாப்பிள்ளை ஊர்ப் பங்குச்சாமி கைக்குப் போனால்தான் முதல் ஓலை. மாப்பிள்ளை ஜூடு கப்பல்காரன். தவக்காலத்தின் நடுவில் கப்பல் ஏறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் கரை.

ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையே பிறந்துவிடுகிறது, ஒரு பெண்ணின் மனசு மாறாதா என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன். ஜூடு மேல் எந்தக் குறையும் இல்லை. அவனுடைய கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோயிலில்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டெல்லா அவன் அம்மாவோடு இந்தக் கரையில்தான் இருக்கப்போகிறாள். என் மனைவி மேரி போய் ஆறு வருஷம் ஆகிறது. ஸ்டெல்லாவும் போய்விட்டால் எங்கள் வீட்டில் மிஞ்சுவது நானும் சுவர்க்கடிகாரமும்தான்.

முப்பத்தொரு வருஷம் தபால்காரனாக இருந்தவன் நான். எத்தனையோ பேருடைய கல்யாணக் கடிதங்களைக் கொடுத்திருக்கிறேன். கொடுக்க மனசில்லாமல் ஒரு கடிதத்தைச் சுமந்துகொண்டு போனது இதுதான் முதல் தடவை.

வியாழன் மதியம் தூத்துக்குடி. ஜூடுவின் தாய்மாமன் லூயிஸ் வீட்டில் தங்கினேன். லூயிஸ் துறைமுகத்தில் கிளார்க், என் வயதுக்காரர், சிரிப்பதற்கு முன்பே தோளில் தட்டுகிற ஆள். அவர் மனைவி பெட்டியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய், நாலு பூனைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். ராத்திரிக்கு எண்ணெயில் பொரித்த பரோட்டா. பப்படம் மாதிரி நொறுங்கி, சால்னாவில் விழுந்ததும் மெத்தென்று ஆகிவிடும். எங்கள் ஊர் ரொட்டி சானாய் நல்ல பிள்ளை என்றால் இது வால் முளைத்த பிள்ளை. நான் ஆறு தின்றேன், மரியாதைக்கு நாலு என்று எண்ணிக்கொண்டார்கள்.

“காரு அனுப்புதேன் சம்பந்தி, ஒண்ணரை மணி நேரத்துல கொண்டு விட்டுருவான்,” என்றார் லூயிஸ்.

“மோட்டார் இருந்தா கொடுங்க, ரெண்டு சக்கரம் போதும். கடற்கரையப் பார்த்துக்கிட்டே போயிடுறேன்,” என்றேன்.

கரையைப் பார்க்கிற ஆசை பாதி. கார்க்காரன் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவானே என்கிற பயம் மீதி.

வெள்ளிக்கிழமை காலை லூயிஸின் பழைய நூறு சிசி வண்டியில் கிளம்பினேன். பெட்டியைச் சைக்கிள் டியூப் கிழிசலால் பின்னால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் செயின் மாற்றியதாகவும், வண்டி குதிரை மாதிரி ஓடும் என்றும் சொன்னார். செயினை மட்டும் மாற்றினாரா, பல் சக்கரங்களையும் சேர்த்தா என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சின்ன மோட்டாரை, கப்சாய் என்போம், தபால் பையோடு மழையிலும் வெயிலிலும் ஓட்டி வருஷம் ஒரு செட் தேய்த்தவன் நான். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் ஆறு மாதத்தில் இரண்டும் சேர்ந்து பாழாகும். ஆனால் அன்றைக்கு நான் எதையும் கேட்கிற மனநிலையில் இல்லை.

ஊரைத் தாண்டியதும் உப்பளம் ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை கட்டம் கட்டமாகத் தண்ணீர், அதில் வானம். போன வருஷத்து உப்பைக் குவித்து மேலே பனையோலை போர்த்தியிருந்தார்கள். தூரத்தில் பாத்தி வரப்பில் ஒருத்தி நடந்துபோனாள். அவளுடைய தலைகீழ் உருவமும் கூடவே நடந்தது, எது ஆள் எது நிழல் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. செங்கால் நாரைகள் சில அசையாமல் நின்றன. அவ்வளவு வெளிச்சத்தில் வண்டி ஓட்டுவது தூக்கத்தில் ஓட்டுவது போலத்தான் இருந்தது. நான் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பது பத்து நிமிஷம் மறந்தே போனது. அந்தப் பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன்.

பழையகாயல் தாண்டியதும் பின்னால் ‘டக்’ என்றது. கியர் மாற்றினால் ‘டக் டக்’. முறுக்கினால் இஞ்சின் பாடுகிறது, வண்டி நகரவில்லை, பிறகு ஒரு குலுங்கு குலுங்கிப் பிடித்துக்கொள்கிறது. செயின் பல் தாவுகிறது என்று புரிந்தது. இறங்கி, சங்கிலியைப் பின்சக்கரத்திலிருந்து இழுத்துப் பார்த்தேன். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு எழும்பி வந்தது. பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கொக்கி போட்டிருந்தன. பழக்க தோஷம், எண்ணினேன். நாற்பத்திரண்டு.

தாமிரபரணிப் பாலம் வரைக்கும் பாதி ஓட்டி, பாதி தள்ளி, முக்காணியில் ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தேன். வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, தரை முழுக்க எண்ணெய்க் கறுப்பு. மெக்கானிக் பெயர் பொன்ராஜ், ஏரல் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டியைப் பார்க்கும்முன் பெட்டியைப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான், பிறகு மரியாதையாகச் சிரித்தான்.

“எங்க போறிய அண்ணாச்சி?”

கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னேன். திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிறது. சம்பந்தி வீட்டார் பேப்பரில் எல்லாம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரை இங்கே விடுகிறேன்.

“பேச்சு வேற தினுசா இருக்கே. ராமேஸ்வரம் பக்கமா?”

தலையாட்டினேன். மலேசியா என்று சொன்னால் எதற்கு வந்தீர்கள் என்பான். மகள் கல்யாணம் என்று சொல்ல வேண்டும். சந்தோஷமாகச் சொல்ல வேண்டும். ஒரு தலையாட்டலில் அது எல்லாம் மிச்சம். இந்த ஒரு பொய் என்ன வேலை செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

பொன்ராஜ் சங்கிலியை இழுத்துப் பார்த்து உச்சுக்கொட்டினான். “செத்துப் போச்சு. முன்பல்லு, பின்பல்லு, செயினு, மூணும் மாத்தணும். ஒண்ண மட்டும் மாத்தினா மத்த ரெண்டும் அதத் தின்னுரும். இங்கன சாமான் கெடையாது. தூத்துக்குடிக்குச் சொல்லிவிடுதேன், நாளைக்கு மொத பஸ்ஸுல வந்துரும்.”

“நாளைக்கா?” என்று கேட்டேன். என் குரலில் வருத்தத்தைவிட வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஜூடுவுக்குப் போன் போட்டேன். “நான் வரட்டா மாமா? இப்பவே கெளம்புதேன்,” என்றான். வேண்டாம், நாளைக்கு மத்தியானம் வந்துவிடுவேன் என்றேன். கொஞ்சம் தயங்கி, “கடுதாசி பத்திரமா இருக்கா மாமா?” என்று கேட்டான். பத்திரமாக இருந்தது. வியர்வையில் லேசாக நனைந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று பக்கத்தில் ஆத்தூரில் தங்கினேன். வெற்றிலைக் கொடிக்கால் ஊர். சாயங்காலம் சந்தில் நடந்தால் வெற்றிலைக் கட்டுகளின் பச்சை வாசனை மேலே வந்து படிகிறது. டீக்கடையில் சுக்குக்காப்பி வாங்கிக் குடித்தேன், கருப்பட்டி போட்டது. பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். “அவன் மகள வெளியூர்ல கெட்டிக்குடுத்தானே, வருசத்துக்கு ஒருக்கத்தான் வருதா.” “வரட்டும், வருசத்துக்கு ஒருக்கயாவது வருதால்லா.” நான் காசு வைத்துவிட்டு எழுந்தேன். உலகத்தில் பேச வேறு விஷயமே இல்லையா?

சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சாமான் வந்துவிட்டது. பொன்ராஜ் சின்ன சைசு, பெரிய சைசு என்று எல்லாம் சேர்த்தே வரவழைத்திருந்தான். “ஒரு மணி நேரம் ஆவும், ஆத்துல குளிச்சிட்டு வாங்க,” என்றான். என் கண் முன்னால் அல்லாமல் என் வண்டிக்கு யாரும் செயின் மாற்றியது கிடையாது. பக்கத்தில் நின்று, பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை ஓடுகிற திசையைப் பார்க்கிறதா என்று பார்ப்பேன், சக்கரம் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். கிள்ளான் மெக்கானிக்குகள் என்னைக் கண்டால் கும்பிடுவார்கள், போய்ச் சேரட்டும் என்று. அன்றைக்கு நான் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன்.

ஆறு இடுப்பளவு, மெல்ல ஓடியது. மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர் போனதும் கரைச் சத்தம் எல்லாம் அறுந்துவிட்டது. மேலே தென்னை மட்டைகள் அசைந்தன, ஒரு மீன்கொத்தி நீலமாகக் குறுக்கே போனது. இப்படியே மிதந்தால் இந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும், கடல் கிள்ளானுக்குப் போகும், வாசலில் ஸ்டெல்லா பள்ளிக்கூடச் சீருடையோடு காலுறையைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. கரையேறி மர நிழலில் கொஞ்சம் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழிக்கும்போது மணி பன்னிரண்டு ஆகப் போகிறது.

பட்டறைக்கு ஓடினேன். வண்டி துடைத்து, பெட்டி திரும்பக் கட்டி, தயாராக நின்றது. புதுச் சங்கிலி எண்ணெயில் மின்னியது. பொன்ராஜ் ஒரு தனிச் சிரிப்புச் சிரித்தான், நல்ல காரியம் செய்தவன் சிரிப்பு. “இனிமே பாருங்க அண்ணாச்சி, எம்புட்டு வச்சாலும் இழுக்கும்.” எதற்கு அப்படிச் சொல்கிறான் என்று யோசிக்க நேரமில்லை.

இழுத்தது. முதல் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி எருமை மாதிரி முட்டிக்கொண்டு கிளம்பியது. இரண்டு, மூன்று, நாலு, அதற்குமேல் கியர் இல்லை. நாற்பதைத் தாண்டினால் இஞ்சின் ஓலமிடுகிறது, நாற்பத்தைந்தில் அழுதே விடுகிறது. லாரி, பஸ், பள்ளிக்கூட வேன், கடைசியில் ஒரு கிழவர் ஓட்டிய மொபெட்கூட என்னை முந்திப் போனது. போகிறபோது கிழவர் அனுதாபமாகப் பார்த்தார்.

முந்திப் போகாதவர்கள் கை காட்டி நிறுத்தினார்கள். ஆத்தூர் தாண்டியதும் ஒரு வீட்டு வாசலிலிருந்து, “மீனு! ஏ மீனு!” நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், மீன்காரர் யாரும் இல்லை. ஒரு வளைவில் இன்னொருவர், “நெய்மீன் இருக்கா?” ஆறுமுகநேரியில் ஒரு பூனை ரோட்டோரம் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தது.

காயல்பட்டினம் கடற்கரையில் வண்டியை ஸ்டாண்டில் போட்டேன். பின்சக்கரத்தின் ஒரு பல்லில் சுண்ணாம்பு வைத்து, கையால் சுற்றி எண்ணினேன். நாற்பத்தாறு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். முன்பல்லிலும் ஒன்று குறைச்சல்.

பொன்ராஜுக்குப் போன் போட்டேன்.

“ஆமா அண்ணாச்சி, பெருசுதான் போட்டேன். மீன் வண்டிக்கு எல்லாம் அதான் போடுவோம். ஐஸ் பெட்டியும் மீனும் வச்சா சின்னப் பல்லு திணறும்லா? ஒங்க பெட்டியப் பார்த்தேன், வாசமும் வந்துச்சு. பாவம், வெளியூர் ஏவாரி, வெவரம் தெரியாம சின்னப் பல்லோட கெடந்து ஓட்டுதாருன்னு நானாத்தான் மாத்திப் போட்டேன்.”

“நான் மீன் வியாபாரி இல்ல தம்பி.”

“அப்ப அந்த வாசம்?” என்றான் மெதுவாக. பிறகு பதறினான். “மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. திரும்பி வாங்க, பழைய அளவே மாத்தித் தாரேன். உள்ளூர்க்காரன் ஒருத்தன் இந்தச் சின்னதக் கொண்டு போயிட்டான், சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்கு வேற வந்துரும். இப்படியே போனாலும் ஒண்ணும் ஆவாது. பைய போவும், அம்புட்டுதான்.”

மணி ஒன்றே கால். முன்னால் போனால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், எப்படிப் போனாலும் பூசைக்கு முன்னால் போய்விடலாம். பின்னால் போனால் வண்டி ஆறு மணிக்குத்தான் கிடைக்கும். ஓலை போய்விடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. மெக்கானிக் செய்த தப்பு, வண்டி சரியில்லை, வயதானவன் என்ன செய்வான்? ஸ்டெல்லாவே, “பரவால்லப்பா, நீங்க பத்திரமா இருங்க,” என்பாள்.

கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். காயல்பட்டினத்துக் கடல் அன்றைக்குக் காற்றில்லாமல் பட்டுத்துணி விரித்த மாதிரி கிடந்தது. முத்து எடுக்கக் குதித்த கடல் இதுதான் என்பார்கள். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம், மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள் என்று லூயிஸ் வியாழக்கிழமை சாப்பிடும்போது சொல்லியிருந்தார். கூடப்பிறந்தவள் தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டானாம், வேறு எவனையும் நம்பமாட்டார்களாம். கண் அரைவாசி மூடிக்கொண்டது. எழுந்தபோது என் கை வண்டியை வடக்கே திருப்பியது. நான்தான் திருப்பினேன், வண்டியின் மேல் பழி போட மாட்டேன்.

வந்த வழியே மூன்று நாலு கிலோமீட்டர் போயிருப்பேன். ஆறுமுகநேரிக்கு வெளியே ஒருத்தி ரோட்டின் நடுவுக்கே வந்து கையை விரித்து நிறுத்தினாள். உப்பளத்து வேலை முடிந்து வருகிறவள், கணுக்கால் வரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது, கையில் தூக்குவாளி. நாற்பது வயது சொல்லலாம்.

“நில்லுங்க அண்ணாச்சி! சாளை இருக்கா?”

“மீன் இல்லம்மா.”

“வாசம் ஊரத் தூக்குது, இல்லங்கிய? பூராத்தையும் ஓட்டலுக்குக் கொண்டு போறியளோ? ஏழபாழைக்குக் குடுக்க மாட்டியளோ?”

விட மாட்டாள் என்று தெரிந்தது. டேப்பைக் கிழித்துத் திறந்து காட்டினேன். பழுப்புக் கட்டிகளை எட்டிப் பார்த்தாள்.

“கருப்பட்டில்லா இது?” ஒன்றை எடுத்து முகர்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆத்தாடி, கருப்பட்டிக்குள்ள கருவாட்டப் போட்டு வச்சிருக்கிய! யாருக்கு அண்ணாச்சி இது?”

“சம்பந்தி வீட்டுக்கு,” என்றேன். அவள் சிரிப்பில் நானும் இளகிப்போயிருந்தேன், அதனால் வந்துவிட்டது. “என் மகளுக்குக் கல்யாணம்.”

இந்த மண்ணில் இறங்கி மூன்றாம் நாள், அதை வாய்விட்டு முதன்முதலாகச் சொன்னேன்.

“எந்த ஊருல குடுக்கிய?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

அவள் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், வண்டியின் மூக்கு இருக்கும் பக்கம் பார்த்தாள். “அது தெக்கால்லா இருக்கு. நீங்க வடக்கால்லா போறிய?”

இஞ்சின் கோளாறு, பல் சக்கரம், நாலு மணி பஸ் என்று கையில் இருந்த காரணம் ஒன்றையும் அவளிடம் எடுக்க முடியவில்லை. அவள் என்னை மடக்க நினைத்துக் கேட்கவும் இல்லை, வழி தவறிய வெளியூர்க்காரன் என்றுதான் நினைத்தாள்.

“பொண்ணுக்குச் சம்மதந்தான?” என்று அவளாகவே கேட்டாள்.

“அவளாப் பார்த்து எடுத்த முடிவு.”

“மாப்ளைக்கு வேலை வெட்டி?”

“கப்பல்ல.”

“குடிப்பானா?”

“இல்ல.”

“பின்ன என்ன?” என்றாள்.

பின்ன என்ன? மகளைப் பிரிந்து இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் என்ன. எனக்கு அறுபத்திரண்டு வயது, தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடப் பயமாக இருக்கிறது. இதற்காகப் பெற்ற பிள்ளையின் கல்யாணத்தை ஒரு சக்கரத்தின் தலையில் கட்டிவிட்டு மூன்று கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறேன். நடுரோட்டில், ஒரு அந்நியப் பெண்ணின் முன்னால், எனக்கு என்மேல் வெட்கம் வந்தது. அவளுக்கு ஒரு கட்டி பெலாச்சானைக் கொடுத்து, மிளகாயோடு அரைத்து லேசாக வாட்டணும் என்று சொன்னேன். சந்தேகமாகத்தான் வாங்கிக்கொண்டாள். வண்டியைத் திருப்பினேன்.

திருச்செந்தூரைத் தாண்டியபின் பனங்காடு. செம்மண் மேட்டில் பனைகள் வரிசை இல்லாமல் நின்றன, மட்டைகள் ஒன்றோடொன்று உரசி எங்கேயோ மழை பெய்கிற சத்தத்தை எழுப்பின. நாற்பதில் போனேன். அவசரம் இருந்தது, அவசரப்பட வழியில்லை. அப்படிப்பட்ட வேகத்தில் எல்லாம் கண்ணில் படுகிறது. நுங்கு மட்டையை உருட்டுகிற ஆட்டுக்குட்டி, மாதா சிலை வைத்த கெபி முன்னால் தூங்குகிற நாய், திடீரென்று மரங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். என் மகள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு போவாள். அவளுக்குப் பிடிக்கும். எனக்கே பிடிக்கிறதே.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ரோடு மணலுக்குள் போய்விட்டது. ஒரு வாரமாக அடித்த காற்று மணலைக் கொண்டுவந்து வளைவை அப்படியே மூடி மேடாக்கியிருந்தது. நடுவில் ஒரு பெரிய மோட்டார் பைக் அச்சு வரை புதைந்து நின்றது. அதன் பக்கத்தில், வெள்ளைச் சட்டை முழுக்க மணலோடு, ஜூடு.

“மாமா! ஒங்களத் தேடித்தான் வந்தேன். போன எடுக்கலியே?”

போன் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பெட்டி மேல் இருந்த பையில் கிடந்தது.

“ஏறு,” என்றேன்.

“இது மேல ஏறாது மாமா, ரெண்டு பேரா?”

“ஏறும்.”

தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். முதல் கியர். நாற்பத்தாறு பல்லும் மணலைக் கடித்தன. வண்டி திணறவில்லை, தாவவில்லை, முக்கிக்கொண்டு, முனகிக்கொண்டு, ஒரே சீராக மேலே போனது. ஜூடு என் தோளைப் பிடித்துக்கொண்டான். பிடி இறுக்கமாக இருந்தது.

மேட்டின் உச்சியில் கோயில் கோபுரமும் கடலும் ஒன்றாகத் தெரிந்தன. அவன் காதருகில் சொன்னான். “நீங்க வரமாட்டியளோன்னு நெனச்சேன் மாமா.”

“ஏன்?”

“சும்மா. எனக்கும் ஒரு மக இருந்தா, கடல் தாண்டிக் குடுப்பேனான்னு தெரியல.”

அந்தப் பையனை அந்த நிமிஷத்தில் எனக்குப் பிடித்துப்போனது, வண்டியைச் சரிவில் மெல்ல இறக்கினேன்.

மூன்றரைக்குப் பங்குச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “வேர்வையா?” என்றார். ஆமாம் என்றேன். “பரவாயில்லை, எழுத்து நல்லாத் தெரியுது,” என்று மேசை இழுப்பறைக்குள் வைத்தார். சம்பந்தி அம்மா ராத்திரி ஊளி மீன் குழம்பும், நான் கொண்டுபோன பெலாச்சானில் அவராக ஊகித்து அரைத்த ஒரு துவையலும் வைத்தார். அது சம்பல் இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. கடல் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அலைச் சத்தம் பாட்டுக்கு நடுவே வந்து போனது. ஆண்கள் பக்கம், மூன்றாம் வரிசையில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். பிரசங்கம் முடிந்து, அறிவிப்புகள் முடிந்து, சாமியார் ஒரு தாளை எடுத்தார்.

“மலேசியா நாடு, கிள்ளான் பங்கைச் சேர்ந்த சவரிநாதன், காலஞ்சென்ற மேரி இவர்களின் மகள் ஸ்டெல்லா.” மேரியின் பெயரை அந்தக் கோயிலில், அவள் பார்த்தே இராத ஊரில், ஒரு பெரிய ஒலிபெருக்கி சொன்னது. ஜூடுவின் பெயரும் அவன் பெற்றோர் பெயரும் வந்தன. “இது முதல் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும்.”

தாளை மடிக்கிறவரை ஒரு சின்ன இடைவெளி. மின்விசிறி சுற்றியது. பெண்கள் பக்கம் ஒரு குழந்தை இருமியது. அத்தனை பேரில் தடை வைத்திருந்த ஒரே ஆள் நான், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரத்த உறவு, முந்தைய கல்யாணம், கட்டாயம் என்று திருச்சபை பல தடைகளை எழுதி வைத்திருக்கிறது. அப்பன் வீடு வெறிச்சோடிப் போகும் என்பது அதில் கிடையாது. நான் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமியார் அடுத்த ஜெபத்துக்குப் போனார்.

வெளியே வந்து மணலில் நின்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அப்பா, வாசிச்சாங்களா?”

“வாசிச்சாங்கம்மா.”

“யாரும் ஒண்ணும் சொல்லலியே?”

“ஊர்ல யாரும் சொல்லல.”

கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். “நீங்கப்பா?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

“நானும் சொல்லலம்மா.”

அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தினம் காலையில் கேட்கிற குரலில், “பசியாறிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள்.